லூயிவிலுக்குக் குடிபோகிறோம்: ஒஹாயோ ஆற்றங்கரை ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்

முகில்மதி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு வேலை மாறுகிறது. ஆகஸ்டுக்குள் டாலஸிலிருந்து கென்டக்கி மாநிலத்து லூயிவிலுக்குப் போயாக வேண்டும். மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. ஒன்பது வருஷம் இருந்த ஊரை விட்டுக் கிளம்புவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வலையில் தேடினால் குதிரைப் பந்தயம், போர்பன் விஸ்கி, பேஸ்பால் மட்டை என்று மூன்றே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே வாழ்கிறவர்கள் சொன்னால்தான் ஊர் பிடிபடும். வரைபடத்தில் ஊரின் நடுப்பகுதி ஆற்றை ஒட்டியே இருக்கிறது. வெள்ளம் வருமா? எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

பாறைக்கரை:
வாங்க முகில்மதி. நான் 2009 முதல் இங்கேதான் இருக்கிறேன். முதலில் பெயர். எழுதுவது லூயிவில். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது "லூஅவல்" மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரான்ஸ் மன்னன் 16ஆம் லூயிக்கு நன்றியாக வைத்த பெயர்.

ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒஹாயோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ ஊருக்குப் பக்கத்தில் மிசிசிப்பியில் கலக்கும்வரை 981 மைல் ஓடுகிறது. அத்தனை நீளத்திலும் படகை இயற்கையாக மறித்த இடம் ஒன்றே ஒன்று, அது இங்கே. சுமார் 2 மைல் தூரத்தில் ஆறு 26 அடி இறங்குகிறது, சுண்ணாம்புப் பாறை மேல் நுரைத்துக்கொண்டு. மேலிருந்து வந்த படகுகள் இங்கே நின்று, சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, பாறையைச் சுற்றிக் கீழே கொண்டுபோய் வேறு படகில் ஏற்ற வேண்டும். இறக்க ஆள், ஏற்ற ஆள், வண்டி, கிடங்கு, தங்க விடுதி, சாப்பாட்டுக் கடை. இந்த ஊரை உண்டாக்கியது ஒரு தடங்கல்தான்.

1778இல் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் தன் படையோடும் சில குடும்பங்களோடும் ஆற்று நடுவில் இருந்த கார்ன் தீவில் இறங்கினார். அந்தத் தீவு இப்போது இல்லை, நீருக்குள் போய்விட்டது. 1803இல் மெரிவெதர் லூயிஸ் மேற்கு நோக்கிய ஆய்வுப் பயணத்துக்காக வில்லியம் கிளார்க்கைச் சந்தித்ததும் இந்தச் சரிவில்தான். வில்லியம் கிளார்க்கிடம் அடிமையாக இருந்த யார்க் அந்தப் பயணம் முழுதும் கூடப் போய்த் திரும்பியவர். ஆற்றைப் பார்த்தபடி அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. நகர மையத்துக்கு வரும்போது அவசியம் பாருங்கள்.

1830இல் பாறையைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். சரக்கு இறக்கி ஏற்றும் வேலை குறைந்தது. ஆனால் அதற்குள் ஊர் வேர் பிடித்துவிட்டது.

ஏற்காட்டான்:
பாறைக்கரை அண்ணா, அந்த இடத்தை ஆங்கிலத்தில் அருவி என்றுதானே சொல்கிறார்கள்? நான் சின்சினாட்டியிலிருந்து ஒரு தடவை வந்து தேடினேன். ஒரு அணையும் கல்லும்தான் கண்ணில் பட்டன. இடம் மாறிப் போய்விட்டேனா?

பாறைக்கரை:
இடம் சரிதான் தம்பி, மாதம்தான் தப்பு. அருவி என்று எதுவும் கொட்டாது. சரிந்து ஓடும் பாறைத் தட்டுதான். அணை கட்டிய பிறகு பெரும்பகுதித் தண்ணீர் வேறு பக்கம் போகிறது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஆறு இறங்கியிருக்கும். அப்போது எதிர்க்கரையில், இண்டியானாவின் கிளார்க்ஸ்வில் மாநிலப் பூங்காவுக்கு வாருங்கள். காலடியில் இருப்பதெல்லாம் புதைபடிவம், சுமார் 39 கோடி ஆண்டு பழையது. அந்தக் காலத்தில் இந்த நிலம் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். பவளக் கொத்துகள் தேன்கூடு மாதிரி கல்லிலேயே பதிந்து கிடக்கும். என் மகள் எட்டு வயதில் அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் எழவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எதிர்க்கரை இண்டியானா, ஆனால் ஆறு கென்டக்கியுடையது. 1792இல் கென்டக்கி மாநிலமானபோது வடகரையில் தண்ணீர் குறைந்தபட்சம் எங்கே நின்றதோ அந்தக் கோடுதான் எல்லை.

இரவுப்பணி:
வேலை விஷயம் நான் சொல்றேன் முகில்மதி அக்கா. இங்க பெரிய முதலாளி யுபிஎஸ் பார்சல் கம்பெனி. விமான நிலையத்தை ஒட்டி வேர்ல்ட்போர்ட்னு அவங்களோட சரக்கு மையம் இருக்கு. மணிக்கு 4 லட்சம் பொதிக்கு மேல பிரிக்கிற அளவுக்குப் பெரிசு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல வானத்தைப் பாருங்க, விளக்கு விளக்கா வரிசையில விமானம் இறங்கிட்டே இருக்கும். நாலு மணிக்கு மறுபடி எல்லாம் கிளம்பும். அமெரிக்காவோட மக்கள்தொகையில பெரும்பங்கு ரெண்டு மூணு மணி நேர விமானப் பயணத்துக்குள்ள இருக்கிற இடம் இது. அந்தக் காலத்துல படகுல செஞ்ச அதே இறக்கி ஏத்துற வேலைதான், இப்ப ஆகாயத்துல நடக்குது.

1998லேர்ந்து ஒரு திட்டம் இருக்கு. ராத்திரி ஷிப்ட் பார்க்கிற மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுறாங்க. என்கூட வேலை பார்த்தவங்க பலர் அப்படிப் படிச்சவங்கதான். விடிகாலை அஞ்சு மணிக்கு வெளிய வந்து, கார்லயே தூங்கி எழுந்து எட்டு மணி வகுப்புக்குப் போவாங்க. எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை.

ஃபோர்டுக்கு ரெண்டு ஆலை, வீட்டுச் சாதனம் செய்யிற ஜிஇ அப்ளையன்ஸஸ் (2016லேர்ந்து சீனாவோட ஹேயர் கையில), மருத்துவக் காப்பீட்டுல ஹியூமனா. உங்க வீட்டுக்காரர் ஐடின்னா பெரும்பாலும் இதுல ஒண்ணாத்தான் இருக்கும்.

வீடு பார்க்கிறப்ப ஒரு ராத்திரி அந்தத் தெருவுல நின்னு விமானச் சத்தம் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஓடுபாதைக்கு நேர் தெற்கும் வடக்கும் இருக்கிற தெருக்கள்ல தூக்கம் கஷ்டம்.

முகில்மதி:
ரொம்ப நன்றி. தம்பி சொன்ன சத்தம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளம் பற்றி யாராவது சொல்லுங்களேன். 2017 ஹார்வியில் ஹூஸ்டனில் என் தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அதிலிருந்து ஆறு என்றாலே பயம்.

பாறைக்கரை:
பயப்படுவதில் தவறில்லை. விவரமாகச் சொல்கிறேன், இந்த ஊரின் உருவமே ஒரு வெள்ளத்தில் மாறியது.

1937 ஜனவரி. அந்த ஒரு மாதத்தில் 19 அங்குலத்துக்கும் மேல் மழை. ஒஹாயோ வெள்ள அபாய அளவுக்கு மேல் ஏறத்தாழ 29 அடி உயர்ந்தது. ஊரில் 70 சதவீதம் தண்ணீருக்குள். 1,75,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். குளிர்காலம், மின்சாரம் இல்லை. உள்ளூர் வானொலி நிலையம் இரவு பகலாக எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும் என்று ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. காலி விஸ்கிப் பீப்பாய்களைக் கட்டி மிதவைப் பாலம் போட்டு, நகர மையத்திலிருந்து மக்களை மேட்டுப் பகுதிக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற கறுப்பின மக்களை, பின்னால் காரில் சிரிக்கும் வெள்ளைக் குடும்பத்தின் விளம்பரப் பலகையோடு சேர்த்து மார்கரெட் பர்க்-வைட் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அது எடுக்கப்பட்டது இந்த ஊரில்தான்.

தண்ணீர் நின்றது மையத்திலும் மேற்கிலும். கிழக்கே நிலம் மேடு, அங்கே ஏறவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கையில் காசு இருந்தவர்கள் கிழக்கே வீடு கட்டிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் சேற்றைக் கழுவிவிட்டு அதே வீட்டில் இருந்தார்கள். இன்றைக்கு எந்தப் பக்கம் வீட்டு விலை அதிகம், எந்தப் பக்கம் கடைகள் மூடிக் கிடக்கின்றன என்று பார்த்தால் 1937இன் தண்ணீர்க் கோடு தெரியும்.

1940களின் கடைசியில் தொடங்கி வெள்ளத் தடுப்புச் சுவரும் மண்கரையும் கட்டினார்கள். ஆறு ஏறும்போது சாலைகளுக்குக் குறுக்கே வாயில்களை மூடி, உள்ளே தேங்கும் மழைநீரைப் பம்பு வைத்து வெளியே தள்ளுவார்கள். 2018 பிப்ரவரியிலும் 2025 ஏப்ரலிலும் ஆறு நன்றாக ஏறியது. கரையோரச் சாலைகள் மூழ்கின. சுவருக்கு உள்ளே ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே ரிவர் ரோடு ஓரத்து வீடுகளைத் தவிருங்கள். மற்ற இடங்களில் வெள்ள வரைபடம் பாருங்கள். ஆற்றைவிட ஓடைகள்தான் இன்று அதிகம் தொல்லை, குறிப்பாக பேர்கிராஸ் ஓடை.

நேர்வழி:
அண்ணன் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிற வீடு. கண்ணை மூடிக்கொண்டு கிழக்கே போங்கள். நம் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், கோயிலும் அந்தப் பக்கம்தான். 9ஆம் தெருவுக்கு மேற்கே போகவே வேண்டாம்.

செம்பருத்தி:
நேர்வழி, "போகவே வேண்டாம்" என்று எழுதியதைப் படித்ததும் மனசு கலங்கிவிட்டது. 9ஆம் தெருவுக்கு மேற்கே ஒரு மருத்துவ நிலையத்தில் ஆறு வருஷம் செவிலியாக வேலை பார்த்தேன். தினம் அந்தத் தெருக்களில்தான் நடந்தேன். அங்கே வாழ்கிற மக்களைப் பற்றி இங்கே யாருமே பேசாததால் நான் பேசுகிறேன்.

1914இல் இந்த நகரம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அதிகமுள்ள தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது, மறுதலையாகவும் கூடாது. கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் வில்லியம் வார்லி இதை உடைக்கவே ஒரு மனை வாங்க ஒப்பந்தம் போட்டார். 1917இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட சட்டங்களுக்கு அடி விழுந்தது இந்த ஊர் வழக்கில்தான். சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. வங்கிகள் மேற்குப் பகுதிக்குக் கடன் தர மறுத்தன. செயற்கை ரப்பருக்காக இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த ரசாயன ஆலைகள் மேற்குக் கரையில் உட்கார்ந்தன. அந்தப் பகுதிக்கு ரப்பர்டவுன் என்றே பெயர். காற்று திரும்பும் நாட்களில் வாடை தெரியும். என்னிடம் வந்த ஆஸ்துமாக் குழந்தைகளை நான் மறக்க மாட்டேன்.

வால்நட் தெரு என்று கறுப்பினத்தவரின் கடைவீதி ஒன்று இருந்தது. தையல்கடை, மருந்துக்கடை, திரையரங்கு எல்லாம் அவர்களுடையவை. 1960களில் நகரைப் புதுப்பிக்கிறோம் என்று இடித்துத் தள்ளினார்கள். பின்னால் அதே தெருவுக்கு முகமது அலி பெயர் வைத்தார்கள். அலி வளர்ந்த வீடு மேற்கில் கிராண்ட் அவென்யூவில்தான் இருக்கிறது. 1954இல் 12 வயதில் அவருடைய சைக்கிள் திருடு போனது. புகார் சொல்லப் போன இடத்தில் ஜோ மார்ட்டின் என்ற காவலர் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். திருடனை அடிக்கணும் என்று அழுத பையனிடம், முதலில் அடிக்கக் கற்றுக்கொள் என்றார் அவர். 2016இல் அலியின் இறுதி ஊர்வலம் போனபோது தெருவின் இருபுறமும் மக்கள் பூ எறிந்தார்கள். கிழக்கு மேற்கு பார்க்காமல் ஊரே நின்றது. நானும் நின்றேன்.

2020 மார்ச்சில் பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டிலேயே காவலர்களால் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் மாதக்கணக்கில் ஊர் போராட்டத்தில் தெருவில் இருந்தது. இந்த ஊருக்குக் குடிவருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நேர்வழி:
அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மக்களைத் தாழ்வாகச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் வீடு வாங்குவது என்றால் பள்ளி, கடை, பிறகு விற்கும்போது விலை எல்லாம் பார்க்கத்தானே வேண்டும்? இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகத்தான் அதைச் சொன்னேன். அந்தக் கருத்தில் இன்னும் மாறவில்லை.

செம்பருத்தி:
வீட்டை எங்கே வாங்குவது என்பது அவரவர் வசதி, அதில் எனக்கு ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் வாங்கிய பிறகு ஊரின் பாதியைப் பார்க்காமலே இருந்துவிடாதீர்கள். ஷானி பூங்காவில் ஒரு மாலை பிள்ளைகளோடு நடந்து பாருங்கள், ஆறு அவ்வளவு அழகாக வளையும். அதையும் செரோக்கி, இரோகுவா பூங்காக்களையும் 1890களில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க் போட்டவர். 1924இல் பூங்காக்களை இனவாரியாகப் பிரித்தார்கள். கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய சிக்கசா பூங்கா ஷானிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1950களின் நடுவில்தான் அந்தத் தடை நீங்கியது.

பாறைக்கரை:
செம்பருத்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1841இல் ஆபிரகாம் லிங்கன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடின் வீட்டில் விருந்தாளியாக இங்கே தங்கினார். ஃபார்மிங்டன் என்ற அந்த வீடு இன்றும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். இருவரும் திரும்பிப் போன நீராவிப் படகில் சுமார் பன்னிரண்டு அடிமைகள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். பதினான்கு வருஷம் கழித்து ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் அந்தக் காட்சி இன்னும் தன்னை வதைப்பதாக எழுதினார். கென்டக்கியிலிருந்து மனிதர்களைத் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றுப் படகில் அனுப்பிய ஆறு இது. அதே ஆற்றை இரவில் கடந்து இண்டியானா போனால் அடிமை முறை இல்லாத மண். அகலம் ஒரு மைலுக்கும் குறைவு. வேகமான நீரோட்டம்.

ஏற்காட்டான்:
குதிரைப் பந்தயம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

இரவுப்பணி:
மே முதல் சனிக்கிழமை, சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். ஒண்ணேகால் மைல், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். 1973ல செக்ரடேரியட்ங்கிற குதிரை ஓடின 1:59.4 இன்னும் யாராலயும் முறியடிக்கப்படல. 1875ல நடந்த முதல் பந்தயத்துல 15 பேர் குதிரை ஓட்டினாங்க, அதுல 13 பேர் கறுப்பினத்தவர். ஜெயிச்ச ஆலிவர் லூயிஸும் அவங்கள்ல ஒருத்தர். 1902ல ஜிம்மி விங்க்ஃபீல்டு ஜெயிச்சதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் கறுப்பினத்தவர் யாரும் ஜெயிக்கல. அவங்களை மைதானத்தை விட்டே விரட்டிட்டாங்க. அந்த வாரம் ஊர்ல விடுதி வாடகை எக்கச்சக்கம். மாமனார் மாமியாரை வேற மாசத்துல வரச் சொல்லுங்க அக்கா.

குடிநீர்க்காரன்:
தாமதமாக வருகிறேன். நான் வேறு மாநிலத்தில் குடிநீர்ப் பொறியாளர். எங்கள் தொழிலில் லூயிவில் ஒரு யாத்திரைத் தலம், அதை யாரும் சொல்லாமல் போகக் கூடாது. ஒஹாயோ கலங்கல் ஆறு. அந்தக் காலத்தில் தெரிந்த மெதுவான மணல் வடிகட்டி இந்தச் சேற்றுக்குத் தாங்காது, சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். 1895 முதல் 1897 வரை ஜார்ஜ் வாரன் ஃபுல்லர் இங்கே உட்கார்ந்து சோதனை செய்தார். படிகாரம் போட்டுச் சேற்றைத் திரளவைத்து, படியவிட்டு, பிறகு மணலில் வேகமாக வடிக்கலாம் என்று எண்ணிக்கையோடு நிரூபித்தார். இன்று உலகில் எத்தனையோ ஆற்றங்கரை ஊர்களில் குழாயில் தண்ணீர் வருவது அந்த வழியில்தான். நம் வீட்டுப் பாட்டிகள் கலங்கல் தண்ணீர்க் குடத்தில் படிகாரக் கட்டியைச் சுற்றியதும் இதே வேதியியல்தான்.

அடுத்த பாய்ச்சல் 2010 வாக்கில். ஊருக்கு மேற்புறம் ஆற்றங்கரைக்கு அடியில், பாறைக்குள் சுமார் ஒன்றரை மைல் சுரங்கம் போட்டார்கள். ஆற்று நீர் கரையின் மணலுக்குள் தானாக ஊறி இறங்கி, பாதி சுத்தமாகிக் கிணறுகள் வழியே சுரங்கத்துக்கு வருகிறது. வடிகட்டும் வேலையில் ஒரு பங்கை ஆற்று மணலே செய்துவிடுகிறது. கிரேக்கக் கோயில் தூண்கள் மாதிரி 1860இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் இன்னும் கரையில் வெள்ளையாக நிற்கிறது. நான் அங்கே போன அன்று கையால் தொட்டுவிட்டு வந்தேன்.

முகில்மதி:
படிக்கப் படிக்க மனசு இறங்கி வருகிறது. அன்றாட விஷயங்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பாலம், பள்ளி, வானிலை?

பாறைக்கரை:
சுருக்கமாகச் சொல்கிறேன். இண்டியானா போக ஐந்து சாலைப் பாலங்கள். கென்னடி, லிங்கன், கிழக்கில் லூயிஸ் அண்ட் கிளார்க் மூன்றுக்கும் சுங்கம் உண்டு. 2ஆம் தெருப் பாலமும் ஷெர்மன் மின்டனும் இலவசம். ரயிலில் பயணம் போக வழியே இல்லை, பழைய யூனியன் ஸ்டேஷன் இப்போது பேருந்துக் கழகத்தின் அலுவலகம். கார் இல்லாமல் சிரமம். கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரம் என்பதால் ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சின்னவனைத் தூங்கவைக்க ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்குங்கள். ஏப்ரலில் மகரந்த ஒவ்வாமை பலரைப் படுத்தும்.

பள்ளியில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1975இல் நீதிமன்ற ஆணைப்படி கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பேருந்தில் ஊர் முழுக்கக் கலந்து அனுப்பத் தொடங்கினார்கள். இனத்தை வைத்து இடம் ஒதுக்கும் முறையை 2007இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதன் பிறகு விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருக்கிற தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியே கிடைக்கும் என்று நினைத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஊர் பார்க்க வருகிற வார இறுதியில் பிக் ஃபோர் பாலத்தில் நடந்து பாருங்கள். 1895இன் ரயில் பாலம். 1960களின் கடைசியில் ரயில் நின்றது, இரு பக்கமும் இறங்கு வழிகளைப் பிரித்து எடுத்துவிட்டதால் பல காலம் ஆற்றின் மேல் அந்தரத்தில் நின்றது. 2013இல் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். கீழே கரையோரப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு பழைய இரும்புக் கடைகளும் மணல் குவியல்களும்தான் இருந்தன.

முகில்மதி:
போன வாரம் நாலு நாள் வந்துவிட்டுப் போனோம். உங்கள் எல்லோருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலத்தின் நடுவில் நிற்கும்போது கீழே ஒரு தள்ளுபடகு வந்தது. முன்னால் நிலக்கரிப் பார்ஜுகள் (தட்டையான சரக்குப் படகுகள்), மூன்று மூன்றாக ஐந்து வரிசை. சின்னவன் விரல்விட்டு எண்ணிப் பதினைந்து என்றான். எவ்வளவு மெதுவாகப் போகிறது! அதைத் தொடர்ந்து காரில் போய் மெக்கால்பின் லாக் (படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி) பக்கம் நின்று பார்த்தோம். 1,200 அடி நீளத் தொட்டிக்குள் மொத்தமும் நுழைந்து, கதவு மூடி, தண்ணீர் வடிய வடியப் படகு எங்கள் கண் முன்னால் இறங்கியது. பாறைக்கரை அண்ணன் முதலில் எழுதியது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்த 26 அடிக்காகத்தானே இவ்வளவும்.

செம்பருத்தி அக்கா, ஷானி பூங்காவுக்கும் போனோம். கரையில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். என் மகளிடம் அரை மணி நேரம் மீன் கதை சொன்னார். போர்ட்லண்ட் பகுதியில் ஒரு கட்டடச் சுவரில் 1937 வெள்ளக் குறி பார்த்தோம். அவள் கையை உயர்த்தியும் எட்டவில்லை.

வீடு கிழக்கே ஜெஃபர்சன்டவுன் பக்கம் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். நேர்வழி தம்பி சொன்ன காரணங்கள்தான். ஆனால் ஒரு வருஷம் இருந்து ஊரைத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குவது என்று முடிவு. சனிக்கிழமைகளில் ஏதாவது உதவி தேவைப்படும் இடம் இருந்தால் அக்கா சொல்ல வேண்டும்.

புதைபடிவப் பாறை மட்டும் பார்க்கவில்லை. ஆறு நிறைந்து ஓடியது.

செம்பருத்தி:
தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் மதி. பழைய மருத்துவ நிலையத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆள் தேடுகிறார்கள். மகளையும் கூட்டி வாருங்கள்.

பாறைக்கரை:
செப்டம்பரில் தண்ணீர் இறங்கியதும் நானே சொல்கிறேன், இரண்டு குடும்பமும் சேர்ந்து போகலாம். எல்லோரும் பிடிமானமுள்ள ஷூ போட்டு வாருங்கள், பாசி வழுக்கும். அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். சின்னவனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.